புதிதாக டிராக்டர் டிரெய்லர் வாங்கியிருக்கிறீர்களா? ரோட்டில் ஏற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

சின்னாளப்பட்டி, அம்பாத்துரை, வெள்ளோடு பகுதிகளில் திராட்சைத் தோட்டத்துக்குத் தொழு உரம் கொண்டு வரவும், தக்காளி, தேங்காய், வைக்கோல் ஏற்றவும் டிராக்டர் டிரெய்லர் இல்லாமல் வேலை நடக்காது. வாடகைக்கு எடுத்து எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கும் விவசாயிகள் ஏராளம்.

ஆனால் டிராக்டருக்குக் கொடுக்கும் கவனத்தை யாரும் டிரெய்லருக்குக் கொடுப்பதில்லை. டிராக்டருக்கு ஆயில் மாற்றுகிறோம், ஃபில்டர் மாற்றுகிறோம், சர்வீஸ் விடுகிறோம். டிரெய்லரை, 'அது வெறும் பெட்டிதானே, அதில் என்ன கெட்டுப்போகும்?' என்று வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுகிறோம். அதில் இன்ஜின் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல டன் எடையைச் சுமந்துகொண்டு நம் முதுகுக்குப் பின்னால் வருவது அதுதான். பெரும்பாலான டிரெய்லர்களில் தனி பிரேக்கும் கிடையாது. அது கழன்றாலோ, சக்கரம் ஓடினாலோ முதலில் அடிபடுவது ஓட்டுபவரும் பின்னால் வருபவரும்தான்.

புதிதாக டிரெய்லர் வாங்கிய விவசாயிகள் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு வீல் ஸ்பேனர், ஒரு கிரீஸ் கன், ஒரு ஜாக்கி, தினமும் பத்து நிமிடம் போதும்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவின்படி டிரெய்லரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு விற்பனைச் சான்று (படிவம் 21), சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று (படிவம் 22) ஆகியவற்றை விற்பவர் தர வேண்டும். சேசிஸில் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விலை குறைவு என்று சான்று இல்லாத பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு பதிவுக்கு அலைவதில் பயனில்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி பொது ரோட்டில் போகக்கூடாது. பலரும் டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். பாலிசியை எடுத்து, அதில் டிரெய்லரின் பதிவு எண்ணோ சேசிஸ் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு சேர்க்க முடியாது.

டயரையும் விட்டுவிடாதீர்கள். புதுப் பெட்டிக்குப் பழைய டயர் போட்டு விற்பதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் அது பாரம் தாங்காது.

முதல் பத்து நடைகள்தான் முக்கியம்

புது டிரெய்லர் என்றால் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. புது வண்டியில் பெயின்ட் பூச்சு, புது போல்ட், புது ஸ்பிரிங் பட்டை எல்லாம் பாரம் ஏறிய பிறகுதான் ஒன்றோடொன்று அமரும். அப்படி அமரும்போது நட்டுகள் தளர்ந்துவிடும்.

நாலைந்து நடை எரு அடித்த பிறகு பின்னால் 'கடக் கடக்' என்று சத்தம் வரும். பெட்டிக் கதவு ஆடுகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போவோம். இறங்கிப் பார்த்தால் வீல் நட்டுகள் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்து, ஒன்றிரண்டு போல்ட் முறிந்தே போயிருக்கும். இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தால் சக்கரம் தனியாக ஓடியிருக்கும்.

எனவே இப்படிச் செய்யுங்கள்:

* முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் எல்லா வீல் நட்டுகளையும் ஒரு முறை இறுக்குங்கள். சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்குங்கள். அதன் பின் வாரம் ஒரு முறை பாருங்கள். பஞ்சர் ஒட்டிச் சக்கரம் மாட்டினாலும் இதே முறைதான்.
* நட்டுகளை வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் உள்ளதை இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் அமரும்.
* அச்சையும் ஸ்பிரிங் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் அதே நேரத்தில் இறுக்குங்கள். இது தளர்ந்தால் அச்சு நகர்ந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பட்டையும் உடையும்.
* இறுக்கிய பிறகு நட்டின் மேலும் ரிம்மின் மேலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கொக்கியும் பின்னும்: இங்கே சிக்கனம் வேண்டாம்

மாட்டு வண்டிக் காலத்தில் கடையாணியைப் பார்க்காமல் யாரும் வண்டி பூட்ட மாட்டார்கள். அது விழுந்தால் சக்கரம் கழன்றுவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைய டிரெய்லருக்குக் கடையாணி போன்றது கொக்கிப் பின்தான்.

பின் தொலைந்துவிட்டது என்று பழைய போல்ட்டையும் கட்டுமானக் கம்பித் துண்டையும் செருகிக்கொண்டு போகும் வண்டிகளை ரோட்டில் பார்க்கலாம். டிராக்டர் கம்பெனி தரும் பின் இழுவையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. சாதாரணக் கம்பி பாரத்தில் வளையும், பிறகு முறியும். ஏற்றத்தில் போகும்போது முறிந்தால் டிரெய்லர் தானாகப் பின்னோக்கி ஓடும்.

பின் மேலே குதித்து வராமல் இருக்க அதன் அடியில் கட்டாயம் பூட்டு கிளிப் இருக்க வேண்டும். அதோடு, டிரெய்லரின் முன்பகுதியையும் டிராக்டரையும் இணைத்து ஒரு கனமான சங்கிலி போடுங்கள். பின் முறிந்தாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். சங்கிலி தரையில் இழுபடாமலும், வளைவில் திரும்பும்போது இறுகாமலும் இருக்கும் அளவு நீளம் போதும்.

டிரெய்லரின் வளையம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வளையத்தை ஒட்டிய வெல்டிங்கில் மெல்லிய கோடு போல வெடிப்பு தெரிந்தால், அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். வெடிப்பின் மேல் ஒரு கோட்டு வெல்டிங் வைத்து மூடுவது வேலைக்காகாது. வெடித்த இடத்தைத் தேய்த்துத் திறந்து, உள்ளிருந்து நிரப்பி, மேலே தகடு வைத்துப் பலப்படுத்தத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். வெல்டிங் வைக்கும் முன் டிராக்டரிலிருந்து டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் டிராக்டரின் மின் பாகங்கள் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

இன்னொன்று: டிரெய்லரை எப்போதும் டிராக்டரில் அதற்கென்று கம்பெனி கொடுத்திருக்கும் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேலே உள்ள டாப் லிங்க் இடத்திலோ பின் அச்சிலோ கட்டி இழுத்தால், டிராக்டரின் முன் சக்கரம் தூக்கி அப்படியே பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது.

மாட்டும்போது நடுவில் நிற்காதீர்கள்

ஒருவர் டிராக்டரைப் பின்னால் எடுக்க, இன்னொருவர் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று வளையத்தைப் பிடித்து நேராக்குவது நம் ஊரில் வழக்கம். கிளட்சிலிருந்து கால் கொஞ்சம் நழுவினால் போதும், நடுவில் நிற்பவர் நசுங்கிவிடுவார். பெரும்பாலும் அங்கே நிற்பவர் நம் மகனாகவோ தம்பியாகவோ இருப்பார்.

சரியான முறை: உதவிக்கு நிற்பவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். டிராக்டர் நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக் போட்ட பிறகுதான் உள்ளே போய்ப் பின்னைச் செருக வேண்டும். கழற்றும் முன் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். கல் வைப்பதைவிட மரக்கட்டை நல்லது. அதை ஒரு கயிற்றில் கட்டி டிரெய்லரிலேயே தொங்கவிடுங்கள். ரோட்டில் கல் வைத்துவிட்டு அப்படியே விட்டுப்போனால், இரவில் வரும் பைக்காரர் உயிருக்கு அது எமன்.

எவ்வளவு ஏற்றலாம்? பெட்டி நிறைந்தால் போதும் என்பது தவறு

10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 120 கன அடி. இதில் மக்கிய தொழு உரம் ஏற்றினால் ஏறக்குறைய 2 டன் வரும். அதே பெட்டியில் ஈரமான ஏரி வண்டல் மண்ணை விளிம்பு வரை நிரப்பினால் 5 டன்னைத் தாண்டிவிடும். பெட்டி ஒன்றுதான், எடை இரண்டரை மடங்கு. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி உலர்ந்த மணலே சுமார் 4.5 டன் இருக்கும்.

ஆகவே பெட்டி நிறைந்ததா என்று பார்க்காமல், டிரெய்லர் எத்தனை டன்னுக்கு என்று பதிவுச் சான்றில் இருக்கும் எடையைப் பாருங்கள். மண் ஏற்றும்போது பாதிப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய நட்டம் முறியும் அச்சும் வெடிக்கும் டயரும்தான்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றிய அனுபவம் நம் பெரியவர்களுக்கு உண்டு. இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். பாரம் அச்சுக்குப் பின்னால் அதிகமானால், டிரெய்லரின் முன்பகுதி மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், வண்டி வாலாட்டும். முன்னால் ரொம்ப அதிகமானால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பேசாது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கொக்கியில் விழும்படி, அதாவது சற்று முன்பாரமாக ஏற்றுவது நல்லது.

வைக்கோல், சோளத்தட்டை ஏற்றும்போது எடை குறைவு, உயரம் அதிகம். வளைவில் சாய்ந்துவிடும். மேலே போகும் மின்கம்பியையும் பாருங்கள். வைக்கோல் மேல் ஆள் உட்கார்ந்து வருவது கூடவே கூடாது.

ரோட்டில் போகும்போது

வயலில் உழும்போது டிராக்டரை மடக்கித் திருப்ப வலது, இடது பிரேக்கைத் தனித்தனியாக மிதிப்போம். ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாளைப் போட மறக்கக் கூடாது. பூட்டாமல் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால், பின்னால் வரும் பாரம் தள்ளி டிராக்டர் அந்த இடத்திலேயே சுற்றிக் கவிழும்.

வேகம் இரட்டிப்பானால், பிரேக் அடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பாரத்தோடு 20 கிலோமீட்டர் வேகமே போதும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. சிறுமலைப் பாதை போன்ற மலை ரோட்டில், எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இறக்கத்தின் நடுவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் பாரம் முழுவதும் டிராக்டரைத் தள்ள ஆரம்பித்துவிடும்.

நான்கு வழிச்சாலையை ஒட்டியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கி ஒரு கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதே திசையில் நம் டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டுக்கும் இடையே 100 மீட்டர் தூரம் இருந்தால், அந்தக் கார் நம்மைத் தொட நாலரை விநாடிதான் ஆகும். இரவில் விளக்கு இல்லாத டிரெய்லரை அந்த நாலரை விநாடிக்குள் அவர் பார்த்து, புரிந்து, பிரேக் அடித்தாக வேண்டும். பல நேரம் அது முடிவதில்லை.

எனவே:

* பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஓரத்திலும் இருக்க வேண்டும். அதோடு சிவப்பு நிற ஒளிரும் ஸ்டிக்கரைப் பின்கதவின் முழு அகலத்துக்கும், பக்கவாட்டில் மஞ்சளும் ஒட்டுங்கள். எருவும் சேறும் படிந்தால் அது ஒளிராது. வாரம் ஒரு முறை துணியால் துடையுங்கள்.
* டிராக்டரின் பிளக்கில் டிரெய்லர் வயரைச் சொருகி, டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். எலி கடித்த வயரை அப்படியே விடாதீர்கள்.
* பின்கதவுக்கு வெளியே பாரம் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. அது விளக்கையும் மறைக்கும்.
* ஒரு யூ-டர்ன் தூரம் மிச்சம் என்று நான்கு வழிச்சாலையில் எதிர்த்திசையில் போகாதீர்கள். சர்வீஸ் ரோட்டைப் பயன்படுத்துங்கள்.
* வண்டி பழுதானால் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் இரவிலும் ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் பாரத்தோடு இரவு ஓட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது.

ஆள் ஏற்றுவது

களை எடுக்க வரும் பெண்களையும், திருவிழாவுக்குப் போகும் சொந்தக்காரர்களையும் டிரெய்லரில் ஏற்றிப் போவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. பிடித்துக்கொள்ள இடமில்லாத பெட்டி அது. கவிழ்ந்தால் அத்தனை பேரும் அதன் அடியில்தான். பாரம் ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர மறுக்கும். நஷ்டஈடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். தோட்டத்தை விற்றாலும் தீராத கடனாகிவிடும். கூலியாட்களுக்கு ஆட்டோவோ மினி பஸ்ஸோ பிடித்துக்கொடுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கிரீஸ், பேரிங், டயர்: பராமரிப்பு

வண்டி மை போடாத மாட்டு வண்டி கத்தும். டிரெய்லர் பேரிங் கத்துவதற்குள் பாதி தேய்ந்துவிடும். பாரத்தோடு பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதில் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது என்று பொருள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பாரம் இல்லாதபோது, கெட்டியான தரையில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு ஆப்பு வையுங்கள். அச்சுக்கு அடியில் கனமான கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தைச் சுற்றினால் 'கரகர' சத்தம் வரக்கூடாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வருடம் ஒரு முறை ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புது வீல் பேரிங் கிரீஸ் நிரப்புங்கள். ஸ்பிலிட் பின்னைப் பழையதையே மாட்டாமல் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான்.

நாலு சக்கர டிரெய்லர் என்றால் முன்னால் உள்ள டர்ன் டேபிளுக்கும், டிப்பர் என்றால் கீல்களுக்கும் வாரம் ஒரு முறை கிரீஸ் அடியுங்கள்.

டயர் காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். டயரில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. காற்று குறைந்த டயர் பாரத்தில் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும்.

தொழு உரமும் யூரியாவும் ஏற்றிய பெட்டியை அன்றே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரும்புத் தகட்டை இவை சீக்கிரம் அரித்துவிடும். அடிப்பக்கத்தில் துரு தெரியும் இடத்தைச் சுரண்டி, துரு தடுப்பு பெயின்ட் அடியுங்கள். மழைக்காலத்துக்கு முன் இதை முடித்துவிட்டால் தளத் தகடு பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

டிப்பர் வைத்திருப்பவர்களுக்கு

தூக்கிய பெட்டிக்கு அடியில், முட்டுக் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது. ஹைட்ராலிக் ஓஸ் ஒன்று பிய்ந்தால் பெட்டி ஒரே நொடியில் இறங்கிவிடும். சாய்வான இடத்தில் பெட்டியைத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். தூக்கும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கியதும் பெட்டி முழுவதும் அமர்ந்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

தினமும் கிளம்பும் முன் பத்து நிமிடம்

1. கொக்கிப் பின், கிளிப், சங்கிலி
2. வீல் நட்டு, பெயின்ட் கோடு
3. டயர் காற்று, வெடிப்பு
4. விளக்கு, ரிஃப்ளெக்டர்
5. பின்கதவுக் கொண்டி
6. இரண்டு பிரேக் மிதிகளின் தாழ்ப்பாள்
7. ஆப்புக்கட்டை வண்டியில் இருக்கிறதா?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நடந்துவிட்டால், உடனே 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பர் முதல் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் இல்லை என்று தயங்கி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

டிராக்டர், டிரெய்லர் தொடர்பான தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.

நாளைக் காலை டிராக்டரை ஸ்டார்ட் செய்யும் முன், ஒரு முறை பின்னால் போய் அந்த வீல் நட்டுகளில் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். எத்தனை தளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.